ஃபிரான்ஸ் மார்க்கின் நாயை எப்படிப் பார்ப்பது?

நாய் நன்றியுள்ள பிராணி என்று மூன்றாம் வகுப்பிலேயே கட்டுரை எழுதிவிட்டோம். அதனால் ஓவியத்தில் ஒரு நாயைக் கண்டதும் மனம் 'நன்றி, விசுவாசம், காவல்' என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுகிறது. பைரவரின் வாகனம், தருமனின் பின்னால் கடைசிவரை நடந்த நாய், இறைவன் முன் தன்னை 'நாயேன்' என்று தாழ்த்திக்கொண்ட அடியார்கள் என்று நமக்கு இருக்கும் சொத்து பெரியது. அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனாலும் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் ஒருவர், அதாவது கண்ணுக்குத் தெரிவதை அப்படியே காட்டாமல் உள்ளுணர்ச்சியை வண்ணத்தாலும் வடிவத்தாலும் காட்டுகிறவர், தீட்டிய நாயின் முன்னால் நிற்கும்போது அந்த மூட்டையைக் கொஞ்ச நேரம் வாசலில் இறக்கி வைத்துவிட வேண்டும். அங்கே நாய் எதற்கும் அடையாளமாக வந்து நிற்பதில்லை. நாயாகவே வந்திருக்கிறது.

அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகள் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் இருக்கிறாள். அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மைன் ஆற்றின் ஹோல்பைன் நடைபாலத்தைக் கடந்து, தென்கரையில் ஷவுமைன்காய் சாலையில் உள்ள ஷ்டேடல் அருங்காட்சியகத்துக்குப் போய்விடுவேன். அங்கே ஜெர்மன் எக்ஸ்பிரஷனிஸ்ட் ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்கின் 'பனியில் படுத்திருக்கும் நாய்' இருக்கிறது. 1910-11 குளிர்காலத்தைச் சேர்ந்த எண்ணெய் வண்ண ஓவியம். இதை எப்படிப் பார்ப்பது, அதில் உள்ள உணர்ச்சியை எப்படிப் பிடிப்பது என்பதை, என் மாணவர்களுக்குச் சொல்லித் தந்திருக்கக்கூடிய வகையில் இங்கே எழுதுகிறேன்.

நேரில் போக முடியாதவர்கள் வருந்த வேண்டாம். ஷ்டேடல் தன் சேகரிப்பைப் பெரிய அளவுப் படங்களாக இணையத்தில் வைத்திருக்கிறது. செல்போனில் மட்டும் பார்க்காதீர்கள். கணினித் திரையிலோ டிவியிலோ போடுங்கள். மூல ஓவியம் 62.5 சென்டிமீட்டர் உயரம், 105 சென்டிமீட்டர் அகலம். கடையில் வாங்கும் சார்ட் அட்டை ஒன்றரையைப் பக்கவாட்டில் ஒட்டினால் ஏறக்குறைய அந்த அளவு வரும். சுவரில் அப்படி ஒட்டி வைத்துப் பாருங்கள். அந்த அகலத்தில் பெரும்பகுதியை ஒரே ஒரு நாய் எடுத்துக்கொள்கிறது. சுற்றுப்புறத்தை விரித்துக் காட்டிவிட்டு மூலையில் நாயைப் போடும் வழக்கம் இங்கே கிடையாது. நாயின் பக்கத்தில் நாமும் குனிந்து உட்கார்ந்துவிட்ட நெருக்கம் அது.

முதலில் செய்யவேண்டியது, அந்த உடம்பை உங்கள் உடம்பில் வாங்குவது. பெயர்ப்பலகையைப் படிக்காதீர்கள். விளக்கம் சொல்லும் ஹெட்போனை மாட்டாதீர்கள். அந்த நாயின் எடை எங்கே தரையில் இறங்குகிறது என்று மட்டும் பாருங்கள். தலை தரையோடு தரையாகக் கிடக்கிறது. கழுத்து எதையும் தாங்கிப் பிடிக்கவில்லை. உங்கள் தாடையையும் தோளையும் அப்படியே தளரவிடுங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. நாய் வளர்த்தவர்களுக்கு இது இன்னும் எளிது. எங்கள் வீட்டு நாய் மார்கழிப் பனியில் எப்படிப் படுக்கும் என்று எனக்குத் தெரியும்: வாலுக்குள் மூக்கைச் செருகி, வயிற்றை மறைத்து, இறுக்கிச் சுருட்டிக்கொள்ளும். குளிர் உள்ளே போகாமல் கதவுகளையெல்லாம் அடைத்துக்கொண்ட உடம்பு அது. மார்க்கின் நாய் உறைபனியின் மேலேயே கிடக்கிறது, ஆனால் எந்தக் கதவையும் அடைக்கவில்லை. உடம்பு நீண்டு, தளர்ந்து கிடக்கிறது.

குளிர்ந்த இடத்தில் குளிராத நாய். இந்த முரணைக் கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதி வேலை, ஓவியர் இதை எதைக்கொண்டு செய்தார் என்று பார்ப்பது.

கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். ஓவியம் பயில்கிறவர்களுக்கு இது பழகிய வித்தை. இமையை இறக்கினால் வண்ணம் மங்கி, வெளிச்சமும் நிழலும் மட்டும் மிஞ்சும். கணினியில் பார்ப்பவர்கள் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினாலும் போதும். நாயும் பனியும் ஒன்றையொன்று நெருங்கி வருவது தெரியும். இரண்டுமே வெள்ளைதானே. மார்க்கின் நாய் ரூஸி, வெள்ளை நிறச் சைபீரிய மேய்ப்பு நாய். வெள்ளைமேல் வெள்ளை. எந்த ஓவியரையும் திணறவைக்கும் சிக்கல் இது. பழைய முறைப்படி என்றால் நாயைச் சுற்றி ஓர் இருண்ட நிழலைப் போட்டுப் பிரித்துக் காட்டுவார்கள்.

இப்போது கண்ணை முழுதாகத் திறங்கள். மார்க் நாயை மஞ்சள் பக்கம் தள்ளியிருக்கிறார். பனியின் நிழல்களை நீலத்துக்கும் பச்சைக்கும் தள்ளியிருக்கிறார். இரண்டையும் பிரிப்பது இருளும் ஒளியும் அல்ல, சூடும் குளிர்ச்சியும்தான். அந்தக் குளிர்காலத்தில் அவர் ஒளியை வண்ணங்களாகப் பிரிக்கும் ப்ரிஸக் கண்ணாடி வழியாகத் தன் ஓவியங்களைப் பார்த்து, எந்த வண்ணம் தூய்மையாக நிற்கிறது, எது அழுக்காகிறது என்று சோதித்துக்கொண்டிருந்தார். அதைத் தன் நண்பரும் ஓவியருமான ஆகஸ்ட் மாக்கெவுக்குக் கடிதத்தில் எழுதினார். உணர்ச்சி பொங்கி எழுந்து தூரிகையை வீசியடித்தவர்கள் எக்ஸ்பிரஷனிஸ்டுகள் என்று ஒரு நினைப்பு உண்டு. இந்த ஓவியத்தை அப்படிச் செய்திருக்கவே முடியாது. ஓர் ஆய்வுக்கூடப் பொறுமை இதில் இருக்கிறது. மார்க் அதற்கு முன் மியூனிக்கில் விலங்குகளின் உடற்கூற்றை மாணவர்களுக்குக் கற்பித்து வந்தவர். எலும்பு எங்கே, தசை எங்கே என்று தெரிந்த கை என்பதால்தான் இவ்வளவு எளிமையாக்க முடிந்தது.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம், பார்க்கத்தான் வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில் போஸ்டர் கலர் வெள்ளையோடு துளி மஞ்சளைக் கலந்து ஒரு திட்டு வையுங்கள். வெறும் வெள்ளைத் தாளில் அது கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளையாக, சலவைக்குப் போகவேண்டிய வேட்டிபோலத் தெரியும். அதைச் சுற்றி இளநீலத்தைத் தடவுங்கள். மஞ்சளில் நீங்கள் எதுவும் சேர்க்கவில்லை, ஆனால் அதற்குள் சூடு ஏறிவிடும். வகுப்பில் இதைச் செய்து காட்டும்போது பிள்ளைகள் எழுந்து வந்து, நான் ஏதாவது கலந்தேனா என்று டப்பாவை எட்டிப் பார்ப்பார்கள். ரூஸியின் உடம்புச் சூடு இப்படித்தான் வருகிறது. நாயின் கதகதப்பை மார்க் நாயில் மட்டும் தீட்டவில்லை, பனியிலும் சேர்த்துத் தீட்டியிருக்கிறார்.

வண்ணங்களைப் பற்றி அவர் எழுதியதை இந்த இடத்தில் பலரும் கொண்டுவந்து வைப்பார்கள். 1910 டிசம்பரில் மாக்கெவுக்கு எழுதிய கடிதத்தில், நீலம் ஆண்தன்மை கொண்டது, கண்டிப்பும் ஆன்மிகமும் உடையது என்றார். மஞ்சள் பெண்தன்மை கொண்டது, மென்மையும் களிப்பும் புலனின்பமும் உடையது. சிவப்பு சடப்பொருள், முரட்டுத்தனமும் கனமும் கொண்டது, மற்ற இரண்டும் எதிர்த்து வெல்லவேண்டியது. படிக்கவேண்டிய கடிதம்தான். ஆனால் இதை அகராதியாக வைத்துக்கொண்டு படத்தின் முன் நிற்காதீர்கள் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். மஞ்சள் என்றால் இது, நீலம் என்றால் அது என்று பொருள் எழுதத் தொடங்கினால் 'நாய் என்றால் நன்றி' என்று தொடங்கிய இடத்துக்கே வந்து சேருவோம். முதலில் சூட்டை உணருங்கள். பிறகு கடிதத்தைப் படியுங்கள். அப்போது அவர் தன் கண் கண்டதற்குச் சொல் தேடியிருக்கிறார் என்பது புரியும்.

அடுத்தது கோடு. திரையின் மேல் விரலை வைத்து (அருங்காட்சியகத்தில் என்றால் காற்றில்) நாயின் முதுகு விளிம்பைத் தொடர்ந்து செல்லுங்கள். அதன் வளைவும் முறிவும் விரலுக்குப் பழகட்டும். இப்போது பனியிலும் பின்னால் உள்ள செடிகொடி வடிவங்களிலும் அதே வளைவுகளையும் முனைகளையும் தேடுங்கள். கிடைக்கும். நாயைச் செய்த அதே கட்டைகளால்தான் நிலமும் செய்யப்பட்டிருக்கிறது. ரோமத்தை ஒவ்வொரு இழையாகக் காட்டியிருந்தால் நாய் தனிப்பொருளாகப் பிரிந்து நின்றிருக்கும். மார்க் ரோமத்தை விட்டுவிட்டுப் பெரிய தளங்களாகப் பிடித்ததால், நாய் அந்த இடத்துக்கு உரியதாகிவிட்டது. அதன் நிம்மதி முகத்தில் இல்லை, இந்தப் பொருத்தத்தில் இருக்கிறது. நாயின் முகத்தில் மனிதச் சிரிப்பையும் மனிதச் சோகத்தையும் தேடுபவர்களுக்கு இந்தப் படம் எதுவும் தராது.

இதுவரை செய்தது கண்ணின் வேலை. இனி ஒரு கேள்வி. எந்த எக்ஸ்பிரஷனிஸ்ட் விலங்கு ஓவியத்துக்கும் இந்தக் கேள்வியை எடுத்துச் செல்லுங்கள்: இந்த உணர்ச்சி யாருடையது? விலங்கினுடையதா, ஓவியருடையதா, பார்க்கும் என்னுடையதா?

இதைப் பழக வேறு இரண்டு நாய்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். ஒன்று நார்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் தீட்டிய 'கோபக்கார நாய்'. ஆஸ்லோவின் மூங்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முதுமையில் எகெலி என்ற இடத்தில் தனியே வாழ்ந்த மூங்க்குக்குப் பக்கத்து வீட்டு நாய் ரோல்லெ பெருந்தொல்லையாக இருந்தது. மூங்க் தானே நாய் வளர்த்தவர், நாயை வெறுப்பவர் அல்ல. ஆனாலும் அந்த ஓவியத்தில் ரோல்லெயின் மனத்தைப் பற்றி நமக்கு ஒன்றுமே தெரிவதில்லை. அதைக் கண்டு நடுங்கிய முதியவரின் மனம்தான் முழுக்க முழுக்கத் தெரிகிறது. அங்கே உணர்ச்சி ஓவியருடையது.

மற்றது ஸ்பானிய ஓவியர் கோயாவின் நாய். காலத்தால் எக்ஸ்பிரஷனிசத்துக்கு முந்தியவர், ஆனாலும் அவர்களுக்குத் தாத்தா முறை. 1819க்கும் 1823க்கும் இடையில் மாட்ரிட் அருகே தன் வீட்டுச் சுவரில் வரைந்த நாய், பின்னர் கேன்வாஸுக்கு மாற்றப்பட்டு, இன்று பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு சரிவின் விளிம்புக்கு மேலே தலை மட்டும் தெரிகிறது. மேலே முழுவதும் மங்கிய காவி நிற வெறுமை. அந்த நாய் மூழ்குகிறதா, எட்டிப் பார்க்கிறதா, யாருக்காகவோ காத்திருக்கிறதா? கோயா எதுவும் எழுதிவைக்கவில்லை, படத்துக்குப் பெயர்கூட அவர் வைத்ததில்லை. நீங்கள் துக்கத்தில் இருக்கும்போது பார்த்தால் அது மூழ்கும். அந்தப் பெரும் வெறுமையை நிரப்புவது பார்ப்பவர்தான்.

இந்த இரண்டையும் பார்த்துவிட்டு ரூஸியிடம் திரும்பினால் மார்க் எவ்வளவு கடினமான காரியத்துக்கு முயன்றார் என்பது விளங்கும். தன் பயத்தையோ தன் அன்பையோ நாய்மேல் ஏற்றாமல், நாயின் பக்கத்திலிருந்தே உலகத்தை உணரப் பார்த்தார். ஒரு குதிரைக்கு, ஒரு கழுகுக்கு, ஒரு மானுக்கு, ஒரு நாய்க்கு உலகம் எப்படித் தெரிகிறது என்று தன் குறிப்புகளில் கேட்டு எழுதினார். விலங்குகளை நம் கண்ணுக்குரிய நிலக்காட்சியில் கொண்டுவந்து நிறுத்துவது எவ்வளவு வறட்சியான வழக்கம் என்று வருந்தினார். 1912இல் தீட்டிய 'உலகின் முன் நாய்' என்ற ஓவியத்தில் ஒரு வெள்ளை நாய் உட்கார்ந்து தன் எதிரே விரியும் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கேள்வி அங்கே வெளிப்படையாகவே வந்துவிட்டது. எனக்கென்னவோ பனியில் படுத்த நாய்தான் இன்னும் ஆழமானது. அங்கே நாய் உலகத்தைப் பார்க்கவில்லை, உலகத்தில் கிடக்கிறது.

வாழ்க்கைக் குறிப்பை எப்போது படிப்பது? கடைசியில். படிக்காமலும் விடக்கூடாது. மார்க் 1880இல் மியூனிக்கில் பிறந்தவர், ஓவியரின் மகன். நகரத்தை விட்டு பவேரியாவின் சிண்டெல்ஸ்டார்ஃப் கிராமத்துக்குக் குடிபோனார். 1911இல் ஓவியர் கான்டின்ஸ்கியோடு சேர்ந்து 'நீலக் குதிரைவீரன்' என்ற ஓவியர் குழுவைத் தொடங்கினார். முதல் உலகப் போரில் 1914இல் மாக்கெ கொல்லப்பட்டார். 1916 மார்ச் 4 அன்று பிரான்ஸின் வெர்டன் அருகே எறிகுண்டுச் சிதறல் பட்டு மார்க்கும் இறந்தார். வயது 36. இதைத் தெரிந்துகொண்டதும் பனியில் படுத்த நாய் ஒரு சவம்போலத் தோன்றத் தொடங்கும். அந்தத் தோற்றத்துக்கு இடம் கொடுக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். 1911 குளிர்காலத்தில் போர் இல்லை. புதிதாகக் கண்டுபிடித்த வண்ணத்தின் மகிழ்ச்சியில் இருந்த ஒருவர், தன் பக்கத்தில் படுத்திருந்த தன் நாயைத் தீட்டினார். ஓவியத்துக்குப் பின்னால் வந்த துயரத்தை அதற்குள் திணித்தால் அந்த மகிழ்ச்சியை அவரிடமிருந்து நாம் பறித்ததாகிவிடும்.

துயரத்தை அவர் தீட்டியது வேறிடத்தில். 1913இல் வரைந்த 'விலங்குகளின் தலைவிதி' சுவிட்சர்லாந்தின் பாசல் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பின்பக்கத்தில், இருப்பு அனைத்தும் கனன்றெரியும் வேதனை என்ற பொருள்படும் வரியை எழுதினார். போர்முனையில் அதன் அஞ்சலட்டைப் பிரதி கையில் கிடைத்தபோது, இந்தப் போரை முன்கூட்டியே உணர்ந்து தீட்டியதுபோல இருக்கிறதே என்று அதிர்ந்துபோய் மனைவி மரியாவுக்கு எழுதினார். அவர் இறந்த ஆண்டே தீயில் அந்த ஓவியத்தின் வலப்பகுதி சேதமடைந்தது. நண்பரும் ஓவியருமான பால் க்ளே அதைப் பழுப்புச் சாயலில் சீரமைத்தார். எது மார்க், எது க்ளே என்று இன்றும் கண்ணுக்குத் தெரியும். 1915இல் எழுதிய இன்னொரு கடிதத்தில், மனிதர்கள் அசிங்கமாகத் தோன்றியதால் விலங்குகளிடம் போனதாகவும், பிறகு விலங்குகளிடமும் அதே அசிங்கத்தைக் கண்டு உருவங்களைக் காட்டாத அருவ ஓவியத்துக்கு நகர்ந்ததாகவும் சொல்கிறார். ஆக, ரூஸி பனியில் படுத்திருக்கும் அந்த அமைதி அவருக்கு நிரந்தரமாக வாய்த்தது அல்ல. சில ஆண்டுகளே நிலைத்த நம்பிக்கை அது.

இன்னொரு செய்தியும் உண்டு. ஷ்டேடல் இந்த ஓவியத்தை 1919இல் வாங்கியது. 1937இல் நாஜிகள் இதைச் 'சீரழிந்த கலை' என்று பறிமுதல் செய்தார்கள். 1961இல்தான் ஃபிராங்க்ஃபர்ட் இதை மீண்டும் பெற்றது. தூங்குகிற நாயைக் கண்டும் ஓர் அரசு பயந்திருக்கிறது.

பார்த்தது போதும் என்று தோன்றினால் வரைய உட்காருங்கள். உங்கள் வீட்டு நாயோ தெருவில் தினம் பார்க்கும் நாயோ, படுத்திருக்கும்போது வரையுங்கள். நிற்கும் நாய் காத்திருக்காது. போட்டோ எடுத்துவைத்து வரைவதை நான் விரும்புவதில்லை. போட்டோவில் ரோமம்தான் முதலில் தெரியும், எடை தெரியாது. பென்சில் வேண்டாம், தட்டை பிரஷ்ஷை எடுங்கள். அரை அங்குல அகலம் போதும். மஞ்சள், நீலம், கொஞ்சம் கிரிம்சன் சிவப்பு, நிறைய வெள்ளை. கறுப்பு டப்பாவை மூடியே வையுங்கள். இருட்டு வேண்டுமென்றால் நீலத்தில் கிரிம்சனைக் கலந்துகொள்ளுங்கள்.

நம் ஊரில் பனிப்படுகை கிடையாது. சிவப்பு ஆக்சைடு போட்ட திண்ணையில் ஒரு செவலை நாய் கிடக்கும். அதுவும் மார்க்கின் சிக்கலேதான்: சிவப்பின்மேல் சிவப்பு. வண்ணத்தைத் தொடும் முன் ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்த நாய் இந்தத் திண்ணைக்கு உரியதா, இல்லை யாரோ விரட்டும்வரை ஒதுங்கியிருக்கிறதா? உரியது என்றால் நாயை ஆரஞ்சுப் பக்கமும் திண்ணையை ஊதா கலந்த சிவப்புப் பக்கமும் தள்ளுங்கள். நாயின் முதுகு வளைவைத் திண்ணையின் நிழலிலும் ஓரிடத்தில் திரும்ப இடுங்கள். விளிம்புகள் சில இடங்களில் ஒன்றில் ஒன்று கரையட்டும். ஒதுங்கிய நாய் என்றால் தரையைப் பச்சை கலந்த சாம்பலாக்குங்கள், நாயைச் சுற்றி விளிம்பைக் கூர்மையாக்குங்கள், வளைவை எங்கும் திரும்ப இடாதீர்கள். உடனே அந்த உடம்பு தனித்துப்போகும். பயம் காட்ட பல்லை வரையத் தேவையில்லை, தரையின் நிறமே காட்டிவிடும்.

கண்ணைக் கடைசிவரை வரையாதீர்கள். கண்ணை முதலில் போட்டுவிட்டால் மற்ற எல்லாவற்றையும் அதுவே பேசிவிடும் என்று நம்பி உடம்பை விட்டுவிடுவோம். உடம்பு, தரை, இரண்டுக்கும் நடுவில் உள்ள விளிம்பு ஆகிய மூன்றும் சரியாக வந்தபின், கண் இருக்கும் இடத்தில் ஒரு சிறு இருண்ட கோடு போதும்.

முடித்ததும் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். 'நல்லா இருக்கா?' என்று கேட்டால் நல்லா இருக்கு என்றுதான் சொல்வார்கள். 'இந்த நாய்க்கு எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். நாயைப் பற்றிப் பதில் வந்தால் பிரஷ்ஷைக் கழுவிவிடலாம். நிறத்தைப் பற்றிப் பதில் வந்தால் தரையை இன்னொரு முறை கலக்க வேண்டியிருக்கும். நாயைத் தொடாதீர்கள், தரையை மட்டும் மாற்றுங்கள்.